பூஜை அறைப் படத்தில் வெட்டுப்பட்ட பெயர்

எங்கள் பூஜை அறையில் ஒரு மீனாட்சி கல்யாணம் படம். ஜவுளிக்கடை காலண்டரில் வந்தது. வருஷம் முடிந்ததும் அம்மா தேதித்தாளைக் கிழித்துவிட்டுக் கண்ணாடி போடக் கொடுத்தார். சட்டத்துக்கு அடங்க ஓரத்தை வெட்டியதில் ஓவியர் கையெழுத்து போய்விட்டது. ஐம்பது வருஷம் விளக்கேற்றியும், வரைந்தது யார் என்று நாங்கள் கேட்டதில்லை.

போன மாசம் சம்பந்தி வீட்டில் அதே படம், வெட்டாமல். கீழே சி. கொண்டையராஜு என்று இருந்தது.

1898-இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு, துறவு நாடி வந்தது நம்ம ஊருக்குத்தான், ரமணாசிரமத்தில் இருந்திருக்கிறார். ஆனால் தூரிகை விடவில்லை போலும். பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி ஊர் ஊராகச் சுற்றி, 1940-களில் கோவில்பட்டியில் தங்கினார். அங்கே தேவி ஆர்ட் ஸ்டுடியோ, டி.எஸ். சுப்பையா போன்ற சீடர்கள் கூடவே இருந்து தொழில் கற்றார்கள். (அவர் படங்களில் சாமிக்குப் பின்னால் இருக்கும் தூண்களையும் திரையையும் பாருங்கள், நாடக மேடையேதான்!)

ரவிவர்மா 1894-இல் பம்பாயில் சொந்த அச்சகம் வைத்துக் கடனில் மாட்டினார். இவர் அந்த வம்புக்கே போகவில்லை. வரைவது கோவில்பட்டியில், அச்சிடுவது பக்கத்துச் சிவகாசியில். காலண்டர் ஏறி அவர் சாமிகள் வீடு வீடாகப் போயின. 1976-இல் காலமானார்.

நேற்று எங்கள் படத்தைக் கழற்றித் துடைத்து, பின்பக்கம் அவர் பெயரை எழுதி மாட்டினேன்.