மணவாளக்குறிச்சி மணலும் மேண்டில் வணிகமும்

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணல் கருமை படிந்து காணப்படுவதற்கு, மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகள் சிதைந்து, ஆறுகள் வழியே கடலை அடைந்த கனிமத் துகள்களில் இலேசானவற்றை அலைகள் அகற்றிவிட்டு, இல்மனைட், சிர்கான், மோனசைட் போன்ற கனமானவற்றைக் கரையிலேயே குவித்ததுதான் காரணம். இவற்றுள் மோனசைட் என்பது அருமண் தனிமங்களோடு தோரியத்தையும் தாங்கிய மஞ்சள் பழுப்பு நிறப் பாஸ்பேட் கனிமம்.

அக்கனிமம் வணிகப் பொருளானது விளக்கொளியின் பொருட்டே. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் 1891-இல், நூற்றுக்கு 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் கொண்ட வலை, எரிவாயுச் சுடரில் வெண்ணிறமாக ஒளிர்வதைக் கண்டறிந்தார். பிற்காலத்தில் திருவிழா ஊர்வலங்களிலும் திருமணப் பந்தல்களிலும் பெட்ரோமாக்ஸ் விளக்கினுள் தொங்கிய மேண்டில் அதன் வழிவந்ததே. தோரியத்துக்குப் பிரேசில் மணலையே நம்பியிருந்த ஐரோப்பியச் சந்தை, 1909-இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் திருவிதாங்கூர்க் கரையில் மோனசைட்டை இனங்கண்ட பின் இப்பக்கம் திரும்பியது. அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை எழுந்தது. முதல் உலகப்போர் மூண்டதும் அத்தொழில் ஜெர்மானியர் கையிலிருந்து பிரிட்டிஷ் நிறுவனங்களிடம் சென்றது.

தோரியம் கதிர்வீசுவது 1898-லேயே தெரிந்திருந்தது. ஆயினும் வணிகர்கள் பொருட்படுத்தியது அது தரும் ஒளியை மட்டுமே. தோரியம் வீசுவது, அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பறித்து அவற்றை மின்னேற்றமுள்ள அயனிகளாக்கும் ஆற்றலுடைய அயனியாக்கும் கதிர்வீச்சு ஆகும். அதில் ஆல்ஃபா, பீட்டா என இரு வகை உண்டென்று 1899-இல் ரூதர்ஃபோர்டு காட்ட, காமா என்னும் மூன்றாவது வகையை 1900-இல் வில்லார்டு கண்டார். இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் சேர்ந்த ஆல்ஃபாத் துகள் காற்றில் சில சென்டிமீட்டர் கடப்பதற்குள் ஆற்றலை இழந்துவிடும், ஒரு தாளே அதைத் தடுத்துவிடும். எலக்ட்ரானாகிய பீட்டாத் துகளைச் சில மில்லிமீட்டர் அலுமினியத் தகடு நிறுத்தும். மின்னேற்றமற்ற மின்காந்த அலையான காமாக் கதிரையோ தடித்த ஈயமும் குறைக்குமேயன்றி முற்றாகத் தடுக்காது.

தோரியம்-232 தன் சிதைவுத் தொடரில் ஆறு ஆல்ஃபாத் துகள்களையும் நான்கு பீட்டாத் துகள்களையும், இடையிடையே காமாக் கதிர்களையும் வெளியிட்டு ஈயமாக முடிகிறது. மக்கள் அஞ்சுவது பெரும்பாலும் ஊடுருவிச் செல்லும் காமாவைத்தான். தோலைக் கூடத் தாண்டமாட்டாத ஆல்ஃபாவோ, மோனசைட் தூசியாகவோ எரிந்த மேண்டிலின் சாம்பலாகவோ மூச்சுடன் நுரையீரலை அடைந்தால், தன் ஆற்றல் முழுவதையும் மிகச் சிறிய திசுப்பரப்பிலேயே கொட்டிவிடும். ஆகவே இத்தொழிலில் காமாவுக்கு நிகரான எச்சரிக்கை தூசிக்கும் வேண்டும்.

மின்விளக்கு பரவியபின் மேண்டிலின் தேவை குறைந்தது. ஆனால் 1945-இல் அணுகுண்டு வெடித்ததும் தோரியம் அரசுகளின் அக்கறைக்குரிய பொருளாயிற்று. 1950-இல் இந்திய அருமண் நிறுவனம் தோன்றியது, 1952-இல் ஆலுவாயில் மோனசைட்டைப் பகுக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. 1956-இல் மணவாளக்குறிச்சி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. பிற்கால மேண்டில்கள் பலவற்றில் தோரியத்தின் இடத்தைக் கதிர்வீசாத இட்ரியம் பிடித்துக்கொண்டது.