ரெண்டாவது வருஷம்: பேட்டன் மேனிங்கும் ரயன் லீஃபும்

நம்மூர்ல சச்சின் - காம்ப்ளி கதை ஒண்ணு உண்டு. ஸ்கூல் மேட்ச்ல ரெண்டு பேரும் சேர்ந்து 664 ரன் அடிச்சாங்க, அப்புறம் ஒருத்தர் எங்கயோ போயிட்டாரு, இன்னொருத்தர் பாவம்... என்று இழுத்து, கடைசியில் ஒழுக்கம்தான் முக்கியம் என்கிற நீதியோடு முடியும். அமெரிக்காவில் இதே நீதியைச் சொல்ல அவங்க எடுக்கிற ஜோடி பேட்டன் மேனிங், ரயன் லீஃப். ரெண்டு பேரும் குவார்ட்டர்பேக். 1998 ஏப்ரல்ல, ஒரே நாளில், முதலாவதாகவும் இரண்டாவதாகவும் தேர்வானவங்க.

மேனிங் ஜீனியஸ், லீஃப் வெட்டின்னு ஒரே வரியில் முடிக்கிறது சுலபம். ஆனா அவங்களோட முதல் வருஷ, ரெண்டாவது வருஷக் கணக்கைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா கதை கொஞ்சம் வேற மாதிரி போகுது. அதைத்தான் சொல்ல வர்றேன்.

அமெரிக்கன் ஃபுட்பால் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. இது காலால உதைக்கிற ஆட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் வச்சு, எதிரணியைத் தள்ளிக்கிட்டு முன்னேறி, கடைசிக் கோட்டைத் தாண்டணும். தாண்டினா டச்டவுன். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதல்ல குவார்ட்டர்பேக் கைக்குத்தான் வரும். நூறு கிலோவுக்கு மேல இருக்கிற ஆளுங்க அவரை அமுக்க ஓடி வர, சுமார் மூணு செகண்டுக்குள்ள யாருக்கு எறியறதுன்னு முடிவு பண்ணணும். எறிஞ்ச பந்தை எதிரணி பிடிச்சுட்டா அது இன்டர்செப்ஷன். நம்ம கிரிக்கெட்ல கேட்ச் கொடுக்கிற மாதிரி, ஆனா அவுட் ஆகறது முழு டீமும்.

*

1997ல இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் ஆடின 16ல 3 மேட்ச்தான் ஜெயிச்சது. மோசமா ஆடின அணிக்குத்தான் கல்லூரி ஆட்டக்காரர்களில் முதல் சாய்ஸ் கிடைக்கும். அவங்க டென்னஸி பல்கலைக்கழகத்தில் ஆடின மேனிங்கை எடுத்தாங்க. சான் டியேகோ சார்ஜர்ஸ் கையில மூணாவது இடம்தான் இருந்தது. அதை இரண்டாவது இடமா மாத்திக்க அரிசோனாவுக்கு அவங்க கொடுத்த விலை: அந்த மூணாவது இடம், அடுத்த வருஷத்து முதல் சுற்றுத் தேர்வு, ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வு, கூடவே ரெண்டு ஆட்டக்காரர்கள். ஒரே ஒரு படி மேல ஏற இவ்வளவு! வாஷிங்டன் ஸ்டேட்ல ஆடின லீஃபை அவங்க எந்த அளவுக்கு நம்பினாங்கன்னு இதிலேயே தெரியும். பந்தை வேகமா எறியற கையைப் பொறுத்தவரை மேனிங்கை விட லீஃப்தான் ஒரு படி மேலன்னு சொன்னவங்களும் அன்னிக்கு நிறைய.

சீசன் ஆரம்பிச்சது. முதல் ரெண்டு மேட்சும் சார்ஜர்ஸுக்கு வெற்றி. கோல்ட்ஸுக்கு முதல் நாலும் தோல்வி. அக்டோபர் 4 அன்னிக்கு ரெண்டு பேரும் நேருக்கு நேர் மோதினப்போ, கணக்குப்படி சார்ஜர்ஸ்தான் மேல இருந்தது. கோல்ட்ஸ் 17-12ன்னு ஜெயிச்சு, மேனிங்குக்கு அதுதான் முதல் வெற்றி.

இதுக்கு நடுவுல, செப்டம்பர் 20, கேன்ஸஸ் சிட்டியில கொட்டற மழையில் லீஃபுக்கு ஒரு கெட்ட கனவு. 15 முறை எறிஞ்சு ஒண்ணே ஒண்ணுதான் தன் ஆள் கையில சேர்ந்தது. கிடைச்சது 4 கஜம். ரெண்டு இன்டர்செப்ஷன். கையிலிருந்து நழுவவிட்டு எதிரணிக்குப் போனது மூணு. மறுநாள் உடைமாற்றும் அறையில ஒரு நிருபரைப் பார்த்து அவர் கத்தினது கேமராவில் பதிவாகி ஊரெல்லாம் ஓடியது. அவரைப் பத்தி ஊர் ஒரு முடிவுக்கு வந்தது அந்த ரெண்டு நாள்லதான்.

*

சீசன் முடிவுல கணக்கு இது:

மேனிங்: 575 எறிதல், 26 டச்டவுன், 28 இன்டர்செப்ஷன். அணி 3 வெற்றி, 13 தோல்வி.
லீஃப்: 245 எறிதல், 2 டச்டவுன், 15 இன்டர்செப்ஷன். அணி 5 வெற்றி, 11 தோல்வி.

கவனிங்க, வெற்றிக் கணக்குல லீஃபோட அணிதான் மேல. மேனிங்கோட 28, முதல் வருஷ ஆட்டக்காரர் ஒருத்தர் கொடுத்ததிலேயே அதிகம். அந்த சாதனையை இன்னும் யாரும் உடைக்கலை. உடைக்கணும்னு யாருக்கும் ஆசையும் இருக்காது :-)

இப்ப வகுத்தல் போடுவோம். மேனிங் நூறு முறை எறிஞ்சா 4.9 இன்டர்செப்ஷன். லீஃப் நூறுக்கு 6.1. வித்தியாசம் இருக்கு, ஆனா ஒருத்தர் மகான், ஒருத்தர் மண்ணுன்னு சொல்ற அளவுக்கு இல்லை. இன்னொரு விஷயம் பாருங்க. லீஃபை உட்கார வச்சுட்டு சார்ஜர்ஸ் இறக்கின க்ரெய்க் வெலிஹான், 320 எறிதலில் 19 இன்டர்செப்ஷன் கொடுத்தார். நூறுக்கு 5.9. ஆளை மாத்தியும் வியாதி மாறலை. ஒரு ப்ரோக்ராம் ரெண்டு மெஷின்லயும் ஒரே எர்ரர் கொடுத்தா, மெஷினைக் குறை சொல்ல மாட்டோம் இல்லையா? பந்தைப் பிடிக்கிறவங்க, முன்னால நின்னு காப்பாத்தறவங்க, ஆட்டத் திட்டம் போடறவங்க, எல்லாத்துலயும் கோளாறு இருந்திருக்கணும்.

ஆனா லீஃபை முழுசா விடுதலை பண்ணவும் முடியாது. அதே அணியில வெலிஹான் 8 டச்டவுன் எறிஞ்சார். லீஃப் 2. மேனிங் எறிஞ்சதில் 56.7 சதவீதம் தன் ஆள் கையில சேர்ந்தது. லீஃபுக்கு 45.3. ஆக ரெண்டு பேரும் தப்பு பண்ணினாங்க. மேனிங் தப்போட சேர்த்து சரியானதையும் நிறைய பண்ணினார். 26 டச்டவுன், அன்னிக்கு முதல் வருஷ ஆட்டக்காரருக்கு அதுவும் சாதனைதான்.

*

1998 டிசம்பருக்கும் 1999 செப்டம்பருக்கும் நடுவுல என்ன நடந்தது?

இண்டியானாபோலிஸ்ல பெருசா எதையும் கலைக்கலை. தலைமைக் கோச் ஜிம் மோரா, தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பான டாம் மூர், ரெண்டு பேரும் அப்படியே. அதே திட்டம், அதே சங்கேத வார்த்தைகள். மாத்தினது ஒண்ணு: பந்தோட ஓடற நட்சத்திரம் மார்ஷல் ஃபாக்கை செயின்ட் லூயிஸுக்கு அனுப்பிட்டு, கல்லூரியிலிருந்து எட்ஜரின் ஜேம்ஸை எடுத்தாங்க. பைத்தியக்காரத்தனம்னு திட்டினவங்க உண்டு. ஜேம்ஸ் முதல் வருஷமே 1553 கஜம் ஓடி லீக்லயே முதலிடம். (ஃபாக் அதே சீசன்ல அங்கே சூப்பர் பௌல் ஜெயிச்சார். அபூர்வமா ரெண்டு பக்கமும் லாபமான வியாபாரம்.)

சான் டியேகோவில பத்தே மாசத்துல மூணு தலைமைக் கோச். ஆறு மேட்ச் முடிஞ்சதும் கெவின் கில்பிரைடை அனுப்பிட்டாங்க. ஜூன் ஜோன்ஸ் தற்காலிகம். 1999ல மைக் ரைலி. பயிற்சி முகாமிலேயே லீஃபோட எறியும் தோள் கிழிஞ்சு ஆபரேஷன், அந்த வருஷம் முழுக்க ஆடலை. குணமாகிட்டு இருக்க வேண்டிய காலத்துல அவர் வெளிய ஃப்ளாக் ஃபுட்பால் ஆடற வீடியோ வந்தது. பொது மேலாளர் பாபி பெத்தார்டோட வாக்குவாதம், நாலு வாரம் சஸ்பென்ஷன். தோள் கிழிஞ்சது அவர் தப்பில்லை. மத்தது அவரோடது.

அவருக்குப் பதிலா 1999ல சார்ஜர்ஸுக்கு ஆடினது ஜிம் ஹார்பா. மேனிங் வர்றதுக்கு முன்னாடி இண்டியானாபோலிஸ்ல இருந்த அதே ஹார்பா! ஒருத்தருக்கு நாற்காலியைக் காலி பண்ணிக் கொடுத்துட்டு, இன்னொருத்தர் நாற்காலியில வந்து உட்கார்ந்தார். சார்ஜர்ஸ் 8-8.

மேனிங்? 13 வெற்றி, 3 தோல்வி. நடுவுல தொடர்ந்து 11 வெற்றி. ஒரே வருஷத்துல 10 வெற்றி கூட வாங்கினது அதுவரை லீக் வரலாற்றுல யாரும் பண்ணாதது. 533 எறிதல், 26 டச்டவுன், 15 இன்டர்செப்ஷன். ப்ளேஆஃப்ல டென்னஸி டைட்டன்ஸ்கிட்ட 19-16ன்னு தோத்தது வேற விஷயம்.

டச்டவுன் எண்ணிக்கையைப் பாருங்க. முதல் வருஷமும் 26, ரெண்டாவது வருஷமும் 26. ஏறவே இல்லை! மாறினது இன்டர்செப்ஷன். பழைய விகிதத்துலயே எறிஞ்சிருந்தா 26 கொடுத்திருக்கணும், கொடுத்தது 15. எதிரணி அவரை அமுக்கினது 22 முறையிலிருந்து 14 முறையா குறைஞ்சது. அதாவது புதுசா ஒரு மந்திரப் பந்து கத்துக்கலை. எப்ப எறியக் கூடாதுன்னு கத்துக்கிட்டார்.

*

லீஃபோட ரெண்டாவது வருஷத்தை எதோட ஒப்பிடறது? 1999ல அவர் ஆடவே இல்லை. அவர் ஆடின ரெண்டாவது வருஷம் 2000. அந்த வருஷம் சார்ஜர்ஸ் 1 வெற்றி, 15 தோல்வி. அந்த ஒண்ணு லீஃப் ஆடினது, அதுவும் அதே கேன்ஸஸ் சிட்டிக்கு எதிரா, 17-16.

அந்த வருஷம் அவர் எறிஞ்சது 322, கையில சேர்ந்தது 161. சரியா 50 சதவீதம். 45.3லேர்ந்து 50.0. மேனிங் 56.7லேர்ந்து 62.1. ஒருத்தர் 4.7 புள்ளி ஏறினார், இன்னொருத்தர் 5.4. கிட்டத்தட்ட ஒரே ஏற்றம்! டச்டவுனும் 2லிருந்து 11. முன்னேறவே இல்லைன்னு உலகமே சொல்ற ஆள், முன்னேறித்தான் இருக்கார்.

குறையாதது ஒண்ணுதான். 18 இன்டர்செப்ஷன், நூறுக்கு 5.6. கை பழகிடுச்சு, முடிவு எடுக்கிறது பழகலை. அது பழக வேண்டிய 1999 முழுக்க அவர் மைதானத்துக்கு வெளிய. 2001 ஆரம்பத்துல சார்ஜர்ஸ் அவரை விடுவிச்சாங்க.

கோச் மாறாம இருந்ததுதான் காரணம்னு இங்கே தீர்ப்பு எழுதத் தோணும். எனக்கும் தோணுச்சு, ஆனா ரெண்டே ரெண்டு ஆளை வச்சு விதி எழுதக் கூடாது. நல்லவேளையா 2012ல இன்னொரு ஜோடி கிடைக்குது. மேனிங்கை அனுப்பிட்டு அதே கோல்ட்ஸ் முதலாவதா எடுத்த ஆண்ட்ரூ லக். இரண்டாவதா வாஷிங்டன் அணி எடுத்த ராபர்ட் கிரிஃபின். இங்கே முதல் வருஷம் ஜொலிச்சது கிரிஃபின், 20 டச்டவுன், வெறும் 5 இன்டர்செப்ஷன். லக் 23க்கு 18. ரெண்டாவது வருஷம் லக் 23க்கு 9, சரிபாதி. கிரிஃபின் 16க்கு 12.

வேடிக்கை என்னன்னா, கோச் மாறினது லக்குக்குத்தான். அவரோட தாக்குதல் ஆட்டத்தைப் பார்த்துக்கிட்ட ப்ரூஸ் ஏரியன்ஸ் முதல் வருஷத்தோட வேற அணிக்குப் போயிட்டார். கிரிஃபினுக்கு அதே ஷனஹான் அப்பா-மகன் கூட்டணி தொடர்ந்தது. ஆக கோச் தத்துவம் மட்டும் போதாது. மேனிங், லக் ரெண்டு பேருக்கும் பொதுவானது வேற: முதல் வருஷம் 16 மேட்சும் ஆடினாங்க, அடுத்த கோடை முழுக்க உடம்பு சரியா இருந்தது, மறுபடி 16 மேட்சும் ஆடினாங்க. கிரிஃபினுக்கு 2013 ஜனவரியில முழங்கால் போச்சு, அந்தக் கோடை சிகிச்சையிலேயே கழிஞ்சது. லீஃபுக்குத் தோள்.

என் கணக்குல ரெண்டாவது வருஷத்து ரகசியம் இவ்வளவுதான். முதல் வருஷத்துத் தப்பை நிறைய பண்ணியிருக்கணும், அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்க நேரமும் பொறுமையும் இருக்கணும், அப்புறம் அதே தப்பு நடக்கிற இடத்துல மறுபடி கொண்டு போய் நிறுத்தணும். 28 இன்டர்செப்ஷன் கொடுத்த பையனை கோல்ட்ஸ் ஒரு மேட்ச் கூட வெளிய உட்கார வைக்கலை. அந்த 28ம் அவங்க கட்டின ஃபீஸ். லீஃப் 9 மேட்ச் ஆரம்பிச்சதோட முதல் வருஷம் ஓவர். பார்த்துத் திருத்திக்க அவர்கிட்ட இருந்த பாடமும் கம்மி, அதைப் பார்க்கிற பொறுமையும் கம்மி.

மேனிங் அஞ்சு முறை லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது, ரெண்டு சூப்பர் பௌல்னு வாங்கி 2021ல ஹால் ஆஃப் ஃபேம் போயிட்டார். லீஃப் போதை, 2012லிருந்து 2014 வரை சிறைன்னு அடிமட்டம் வரைக்கும் போய், அதுலேர்ந்து மீண்டு, அதே பழக்கத்துல சிக்கினவங்களுக்கு வழி சொல்ற ஆளா மாறினார். அந்த முன்னேற்றத்தை எந்த சதவீதத்துல எழுதறது? ஒரு வருஷ ரிப்போர்ட்டை வச்சு ஒருத்தனைத் தேறமாட்டான்னு எழுதப் போறவங்க, பேனாவைத் திறக்கறதுக்கு முன்னாடி 3-13ல முடிஞ்ச அந்த முதல் வருஷ மேனிங்கை ஒரு தடவை நினைச்சுக்கிட்டா போதும்.