ஒளித்துவைத்த மரம்

இந்தியாவுக்கு வந்துபோன சீனக் கப்பல்களைப் பற்றி எழுதும்போது மார்கோ போலோ அவற்றைப் பழுதுபார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறார். கப்பலுக்கு ஏற்கெனவே இரண்டு அடுக்குப் பலகை உண்டு. ஒரு வருஷம் ஓடி முடித்ததும் அதன்மேல் மூன்றாவது அடுக்கை வைத்து ஆணி அடிப்பார்கள். அடுத்த பழுதுக்கு நான்காவது. இப்படி ஆறு அடுக்கு வரைக்கும் போகும். ஆறு சேர்ந்த கப்பலை அப்புறம் ஆழ்கடலுக்கு விடமாட்டார்கள். கரையோரமாகவே ஓடுகிற மட்டும் ஓட்டிவிட்டு உடைத்துப்போடுவார்கள். பலகைச் சந்துகளை அடைக்கத் தார் கிடையாது. சுண்ணாம்பு, நறுக்கிய சணல், மரத்திலிருந்து எடுத்த எண்ணெய் மூன்றையும் சேர்த்து இடித்த பசைதான்.

அதே போலோ காயல் துறைமுகத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஹோர்முஸ், கிஷ், ஏடன் பக்கமிருந்து குதிரை ஏற்றி வரும் கப்பல்கள் எல்லாம் தொட்டுப்போகிற ஊர் என்கிறார். அவர் சொன்ன காயல் இன்றைய பழையகாயல்தான் என்று அடையாளம் காட்டியவர் கால்டுவெல். ஆத்தூரிலிருந்து கிளம்பினால் வெற்றிலைக் கொடிக்கால், வாழைத்தோட்டம், உப்பளம் எல்லாம் அடுத்தடுத்து வந்துவிடும். கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் எல்லாம் சைக்கிளில் போய்வரக்கூடிய தூரம். தாமிரபரணி மண்ணைக் கொட்டிக் கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டதால் துறைமுகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடம் மாறிய கரை இது. ஊர்கள் மாறின, படகும் மாறியது, பலகை உளுத்துப்போகிற பிரச்சினை மட்டும் மாறவில்லை. இன்றைக்கு வீட்டு முற்றத்தில் கவிழ்ந்து கிடக்கிற இருபது வயசு பைபர் படகுக்கும் அதே நோய்தான்.

பைபர் படகில் மரம் ஏது என்று கேட்கலாம். வெளியே பார்த்தால் இருக்காது. கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த தோல் இழுவையை நன்றாகத் தாங்கும், ஆனால் மெல்லியதாக இருந்தால் வளைந்துகொடுக்கும். பின்பக்கம் இன்ஜினை மாட்டினால் அது ஆடும், உதறும். அதைத் தடித்த கண்ணாடி இழையாலேயே விறைப்பாக்கினால் ரெசின் செலவு எகிறும், எடையும் கூடும். அதனால் இன்ஜின் மாட்டும் பின்பலகைக்குள் பிளைவுட் வைத்து, இரண்டு பக்கமும் பைபர் போட்டு மூடிவிடுகிறார்கள். தரைக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் கட்டைகள், இன்ஜின் உட்காரும் மேடை, உட்காரும் குறுக்குப்பலகை எல்லாமே பெரும்பாலும் இப்படித்தான். பைபர் வந்து மரத்தை ஒழித்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது மரத்தை ஒளித்துத்தான் வைத்தது.

ஒளித்ததில் என்ன போயிற்று என்று தெரிய, ஓடாவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓடாவி என்றால் படகு செய்யும் தச்சர். தூத்துக்குடி, ராமநாதபுரம் கரைகளிலும் யாழ்ப்பாணத்திலும் இந்தச் சொல் உண்டு. ஏரா என்பது படகின் அடிமரம், முதுகெலும்பு மாதிரி. அதிலிருந்து இரண்டு பக்கமும் விலா எலும்பு போல ஏறுபவை வங்குகள். அவற்றின்மேல் பலகை. சந்துகளில் பஞ்சோ கயிற்றுநாரோ திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். இதற்குக் கலப்பற்று என்று பெயர். புன்னை மரம் படகுக்கும் பாய்மரத்துக்கும் ஆனது, அதன் கொட்டை எண்ணெய் படகில் பூசுவதற்கானது. புன்னைக்காயல் என்ற பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு முதலில் அந்த எண்ணெய் வாசனைதான் வரும், ஊருக்குப் பெயர் வந்த காரணம் எதுவாக இருந்தாலும்.

தூத்துக்குடியில் முத்து, சங்கு மீன்பிடிப்புப் பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி நீண்ட ஆய்வு ஒன்றை வெளியிட்டார். அவருடைய அக்கறை ஒரு வடிவம் எங்கிருந்து வந்தது, பாலினீசியத் தொடர்பு உண்டா என்பதில் இருந்தது. எனக்கோ வடிவத்தைவிடப் பழுதுபார்ப்பில்தான் ஆர்வம். மரப்படகில் எல்லாம் வெளியே தெரியும். எந்தப் பலகை கறுத்திருக்கிறது, எந்த ஆணி துருவை அழுகிறது, எந்தச் சந்தில் பஞ்சு துருத்துகிறது என்று பார்த்தாலே போதும். கெட்ட பலகையை மட்டும் கழற்றிவிட்டு வேறு வைக்கலாம். இருபது, முப்பது வருஷத்தில் ஒரு தோணியின் பாதி மரம் மாறிப்போயிருக்கும், பெயர் அதேதான் இருக்கும். ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ நாவலைப் படித்தவர்களுக்குத் தூத்துக்குடித் தோணிகளைச் சுற்றி எவ்வளவு பெரிய உலகம் சுழன்றது என்று தெரிந்திருக்கும்.

இங்கே ஒரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மரத்தை உளுக்கவைப்பது கடல்நீர் என்றுதான் பொதுவாக நினைப்போம். உண்மையில் உளுப்பு ஒரு பூஞ்சை. அதற்கு வேண்டியது ஈரம், காற்று, வெதுவெதுப்பு. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் போய் அப்படியே நின்றால் ஆபத்து தொடங்குகிறது. உப்பு ஊறிய மரத்தில் அந்தப் பூஞ்சைக்கு வளர்வது கஷ்டம். அமெரிக்காவில் மரக்கப்பல் கட்டியவர்கள் வங்குகளுக்கு நடுவே கல்லுப்பைக் கொட்டிவைத்ததே இதனால்தான். கடலில் மரத்துக்கு வேறு எதிரி: கப்பல்புழு. அது பூஞ்சை மாதிரி மெதுவாகச் சிதைக்காது, துளைத்துக்கொண்டே போகும். அதற்கு நல்ல தண்ணீர் ஆகாது, காய்ச்சலும் ஆகாது. கட்டுமரத்தைத் தினமும் கரையேற்றி, கட்டு அவிழ்த்து, மரங்களைக் காயப்போடும் வழக்கத்தில் புழுவுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஆக, மரப்படகைக் கடலில் விட்டால் புழு, மழையில் விட்டால் பூஞ்சை. ஓடாவியின் அறிவு முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவே படகை நடத்திக்கொண்டுபோவதுதான்.

பைபர் இந்தக் கதைக்குள் வந்த வழி நீளமானது. கண்ணாடி இழை 1930களில் அமெரிக்காவில் தொழிற்சாலைச் சரக்கானது. 1942இல் ஓஹையோ மாநிலத்தில் ரே கிரீன் அதையும் பாலியெஸ்டர் ரெசினையும் சேர்த்து ஒரு சிறு படகு செய்தார். உலகப்போருக்குப் பிறகு உல்லாசப் படகுகள் எல்லாம் அச்சில் வார்ப்பதாக மாறின. நம் பக்கம் அது நேராக வரவில்லை, மரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. 1980களின் தொடக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் பியர் ஜில்லே என்ற பெல்ஜியக்காரர் உள்ளூர் ஆட்களோடு சேர்ந்து பிளைவுட் படகு செய்யத் தொடங்கினார். குடைவதற்கும் கட்டுவதற்கும் பெரிய மரங்கள் கிடைக்காமல், கிடைத்தாலும் விலை கட்டாமல் போன காலம் அது. பிளைவுட் தாள்களை வெட்டி, ஓரங்களைத் தைத்து, தையல்மேல் பைபர் பட்டையும் ரெசினும் ஒட்டுவது அந்த முறை. பழைய தைத்த படகின் பேரப்பிள்ளை என்றே சொல்லலாம். அந்த அனுபவத்தை 1985இல் அவர் புத்தகமாக எழுதினார். ‘சிறியது கடினம்’ என்ற பொருளில் தலைப்பு. ‘சிறியதே அழகு’ என்று உலகம் பேசிக்கொண்டிருந்தபோது இப்படித் தலைப்பு வைக்க ஒரு தைரியம் வேண்டும். தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இந்தப் பிளைவுட் படகுகளைக் கரை நெடுகப் பரப்பியது. அதே காலத்தில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வங்காள விரிகுடாத் திட்டம், அலை உடைகிற திறந்த கரையில் இறக்கக்கூடிய பைபர் படகுகளை உருவாக்கிக்கொண்டிருந்தது.

பிறகு 2004 டிசம்பர் 26. சுனாமிக்குப் பின் நிவாரணமாகப் பைபர் படகுகள் தமிழகக் கரையில் வந்து குவிந்தன. அச்சு இருந்தால் போதும், ஒரு படகைச் சில நாளில் வார்த்துவிடலாம். அவசரத்துக்கு அதைவிடத் தோதானது வேறில்லை. ஆனால் அவசரத்தில் முதலில் அடிவாங்குவது கண்ணுக்குத் தெரியாத இடம்தான். உள்ளே வைத்தது கடல்தரப் பிளைவுட்டா, வீட்டு அலமாரிக்கு ஆனதா, நன்றாகக் காய்ந்திருந்ததா என்பதை வெளியே பளபளக்கிற ஜெல்கோட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அன்று வந்தவற்றில் மிஞ்சியிருப்பவைக்கு இப்போது இருபது வயது.

உளுப்பு எப்படி நுழைகிறது? இன்ஜினை இறுக்க ஒரு போல்ட், கயிறு கட்ட ஒரு கொக்கி. ஒவ்வொன்றுக்கும் பைபரைத் துளைக்கிறோம். துளையின் ஓரத்தில் பிளைவுட் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. அந்த வழியாக நீர் இறங்கும். மரப்படகாக இருந்தால் வெயிலில் காய்ந்துவிடும். இங்கே இரண்டு பக்கமும் தோல் மூடியிருப்பதால் வந்த நீர் திரும்பிப் போகாது. அதுவும் கரையில் நிமிர்த்திப் போட்ட படகில் தேங்குவது மழைநீர். மரத்தைக் காப்பாற்றப் போட்ட மூடி, பூஞ்சைக்குக் குடுவையாகிவிடுகிறது. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தாமிரபரணி ஊர்களுக்குள் வந்தது. மீனவர்களின் படகுகள் ஆட்களை மீட்க வந்தன. அந்த நாட்களில் படகுகளுக்குள் எவ்வளவு நல்ல தண்ணீர் இறங்கியிருக்கும் என்பதைத்தான் நான் அப்புறம் யோசித்தேன்.

வீட்டில் வைத்தே சரிசெய்ய முடியுமா? முடியும், பொறுமை இருந்தால். முதல் வேலை காதுக்கு. சுத்தியல் காம்பால் பின்பலகையை வரிசையாகத் தட்ட வேண்டும். நல்ல இடம் ‘டக் டக்’ என்று திரும்பப் பேசும், உளுத்த இடம் ‘டொப்’ என்று அமுங்கும். அப்படியும் சந்தேகம் என்றால் உள்பக்கத்தில் மெல்லிய துளை போட்டுப் பார்க்கலாம். காய்ந்த வெளிர் தூள் வந்தால் பயமில்லை. கறுத்துப்போய் ஈரமாக, காளான் நாற்றத்தோடு வந்தால் உள்ளே கதை முடிந்துவிட்டது. ஓடாவி கண்ணால் பார்த்ததை நாம் காதாலும் மூக்காலும் தேடவேண்டியிருக்கிறது.

அப்புறம் உள்பக்கத்துத் தோலை மட்டும் கிரைண்டரால் அறுத்து எடுக்க வேண்டும். வெளித்தோலைத் தொடக்கூடாது. படகின் உருவத்தைப் பிடித்துவைத்திருப்பது அதுதான், புதுப் பலகைக்கு அதுவே அச்சு. கண்ணாடித் தூள் நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது, முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் இந்த வேலையைத் தொடவேண்டாம். உளுத்த பிளைவுட்டை உளியால் நெம்பினால் சில இடத்தில் பலகையாக வரும், சில இடத்தில் காப்பிப் பொடி மாதிரி கையில் உதிரும். நல்ல மரம் வருகிற வரைக்கும் எடுத்து, அதற்கு மேலும் கொஞ்சம் எடுக்க வேண்டும். பிறகு காயவிட வேண்டும். நாட்கணக்கில். பெரும்பாலான வீட்டுப் பழுதுகள் கெடுவது இந்த இடத்தில்தான். ஈரத்தின்மேல் ரெசின் பிடிக்காது, பிடித்த மாதிரி நடிக்கும்.

புதிதாக வைப்பது ஐ.எஸ். 710 முத்திரை உள்ள கடல்தரப் பிளைவுட்டாக இருக்கட்டும். வெட்டிய ஓரங்களையும் போல்ட் துளைகளையும் முதலில் ரெசின் குடிக்கவிட வேண்டும், நீர் நுழைவதே அங்கேதான். பாலியெஸ்டர் மலிவு. மரத்தைப் பிடிப்பதில் எப்பாக்ஸி அதைவிட எவ்வளவோ மேல், விலையும் அப்படியே. பழைய பைபரும் புதியதும் சேரும் விளிம்பைச் செங்குத்தாக விடாமல் சரிவாகத் தேய்த்துக் கொடுக்க வேண்டும், தடிப்பைப்போல் குறைந்தது எட்டு மடங்கு நீளத்துக்கு. மேட்டும் ரோவிங்கும் மாற்றி மாற்றிப் போட்டு, காற்றுக் குமிழ் இல்லாமல் உருட்ட வேண்டும். பாலியெஸ்டர் என்றால் ஹார்ட்னர் 1 முதல் 2 சதவீதம். நம் ஊர் வெயிலில் அதற்கே சட்டென்று இறுகிவிடும், அதனால் காலை வேளைதான் நல்லது. இன்னொன்று கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்: கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலந்து முடித்த பிறகுதான் ஹார்ட்னர்.

இத்தனை பாடுபடுவதற்குப் புதுப் படகே வாங்கலாமே என்பார்கள். கணக்குப் போட்டால் சில சமயம் அதுவே சரியாகவும் இருக்கும். ஆனால் பழையதை என்ன செய்வது? உடைத்த தோணியின் பலகை கதவு நிலையாகும், விறகாகும், ஆணிகூடக் காசாகும். போலோவின் ஆறடுக்குக் கப்பலுக்கும் ஒரு முடிவு இருந்தது. பைபர் தோலுக்கு அது இல்லை. மட்காது, எரித்தால் நச்சுப்புகை, உருக்கி வேறொன்றாகவும் வார்க்க முடியாது. உள்ளிருக்கும் மரம் இருபது வருஷத்தில் செத்துவிடுகிறது, அதன் கூடு கரையில் கிடந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கூட்டுக்குள் இன்னொரு மரத்தை வைத்து மறுபடி கடலுக்கு அனுப்புவது சிக்கனம் மட்டுமில்லை, கரையில் சேரும் குப்பையில் ஒன்று குறைவதும்தான்.

சரிசெய்த பிறகு செய்யவேண்டியது கொஞ்சம்தான். புதிதாகப் போடும் ஒவ்வொரு துளைக்கும் முதலில் ரெசின் பூசிவிட்டு, அப்புறம் போல்ட்டை இறக்கவும். வருஷத்துக்கு ஒருமுறை சுத்தியல் காம்போடு பின்பலகைப் பக்கம் போய்வரவும். ஐப்பசி பிறப்பதற்குள் படகைக் கவிழ்த்துப் போட்டு, மண்ணில் படாமல் அடியில் இரண்டு பனந்தடி கொடுத்துவிடவும்.