சின்கோனா வந்த கண்ணாடிப் பெட்டி



ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் வழியில் நடுவட்டத்தைக் கடந்திருப்பீர்கள். மலேரியா காய்ச்சலுக்குக் கொடுத்த கொய்னாவுக்காக, ஒரு காலத்தில் அரசாங்கமே அங்கே சின்கோனா மரம் வளர்த்தது. அதன் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. அவ்வளவு தூரம் உப்புக்காற்றில் கன்றுகள் உயிரோடு வந்தது எப்படி?

லண்டனில் நத்தானியேல் வார்டு என்று ஒரு டாக்டர். நிலக்கரிப் புகையில் அவர் வளர்த்த பெரணிச் செடிகள் பட்டுப்போய்க்கொண்டே இருந்தன. 1829-ல் ஒரு கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு பாட்டிலில் போட்டு மூடி வைத்தார். பூச்சி வெளிவருவதைப் பார்க்கத்தான் வைத்தார். மண்ணிலிருந்து பெரணியும் புல்லும் முளைத்தன! ஆவியான ஈரம் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே இறங்கியது. தண்ணீர் ஊற்ற வேண்டிய வேலையே இல்லை. பிறகு மரச்சட்டத்தில் கண்ணாடி பொருத்திப் பெட்டிகள் செய்தார். 1833-ல் அவற்றில் செடி வைத்து சிட்னிக்கு அனுப்ப, மாதக்கணக்கில் கடலில் கிடந்தும் செடிகள் நலமாகப் போய்ச் சேர்ந்தன.

அன்று இங்கிலாந்தில் கண்ணாடிக்கு எடை பார்த்து வரி (நம் காமர்ஸ் ஆட்கள் கவனிக்க!). 1845-ல்தான் எடுத்தார்கள். அதுவரை பெரிய கண்ணாடி வீடு சீமான்கள் சமாச்சாரம்.

சின்கோனா விஷயத்தில் முதல் முயற்சி தோற்றது. 1860-ல் மார்க்கம் பெருவிலிருந்து அனுப்பிய கன்றுகள் செங்கடல் வெக்கையில் வாடி, ஊட்டி வந்து செத்தன. ஈக்வடாரில் ஸ்புரூஸ் சேகரித்துக் கொடுத்த கன்றுகளை ராபர்ட் கிராஸ் 1861-ல் கொண்டுவந்தார். அவை பிழைத்தன. ஊட்டித் தோட்டத்தின் மெக்கைவர் அவற்றைப் பெருக்கினார்.

மார்க்கம் கன்றுகளுக்கு நேர்ந்ததுதான் நமக்கு முக்கியம். குளிர் தேசத்தில் கண்ணாடி வெயிலைச் சேர்த்துவைக்கும். பேராவூரணியில் வெயிலுக்கு என்ன பஞ்சம்? சித்திரையில் மூடிய கண்ணாடிப் பெட்டியை மொட்டை மாடியில் வைத்தால் நாற்று அவிந்துவிடும். நமக்கு வேண்டியது அதன் ஈரம் மட்டும்தான். செம்பருத்தி, மல்லிகை, குரோட்டன்ஸ் குச்சிகள் வேர்விடும்வரை அந்த ஈரம் மிக நல்லது.

2018 நவம்பர் 16 கஜா புயலில் சாய்ந்த தென்னைகளை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அதன்பின் கன்றுக்கும் நாற்றுக்கும் எல்லோரும் அலைந்தோம். செடியை வீட்டிலேயே பெருக்கத் தெரிந்திருப்பது வெறும் பொழுதுபோக்கு என்று இனி நான் சொல்லமாட்டேன்.

அலுமினிய ஜன்னல் மாற்றிய வீடுகளின் பழைய கண்ணாடிக் கதவுகள் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் கிடக்கின்றன. அடுத்த கூட்டத்தில் அவற்றை எடைக்குப் போடத் தீர்மானம் வருகிறதாம். ஆறு கதவுகளை மட்டும் விட்டுவையுங்கள் என்று கேட்கப்போகிறேன். நாலு பக்கத்துக்கு நாலு, மூடிக்கு ஒன்று, உடைந்தால் மாற்ற ஒன்று. விளிம்பில் சாக்குத் துணி சுற்றிக் கையாளலாம். வேப்பமரத்து நிழலில் வைத்து, மூடியில் இரண்டு விரல் இடைவெளி விட்டால் போதும். குச்சி கொண்டுவருபவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் வாருங்கள்.