பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு

சிலாங்கூர் மாநிலத்தின் கோலசிலாங்கூர் மாவட்டத்தில், சிலாங்கூர் ஆற்றையொட்டி அமைந்த ஊர் பத்தாங் பெர்ஜுந்தாய். 2007 முதல் அதன் அதிகாரபூர்வப் பெயர் பெஸ்தாரி ஜெயா. இவ்வட்டாரக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் வரலாறு செம்பனை ஆலைகளோடு பிணைந்தது. நாடு செழித்த பிறகே சுத்திகரிப்பு நிலையங்கள் வரும், ஏழை நாட்டுக்கு அது கட்டுப்படியாகாது என்ற எண்ணம் பரவலாக உண்டு. இங்கு நடந்தது அதற்கு மாறானது. நிலையங்களைக் கட்டவைக்கச் சட்டமே போதுமாக இருந்தது. கட்டியவை தொடர்ந்து ஓடினவா என்பதை முடிவு செய்தது வேறொரு கேள்வி: அவை ஓடாவிட்டால் இழப்பு யாருக்கு?

தோற்றம்

பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோகொன்னியே 1911–12இல் இங்குள்ள ரந்தாவ் பாஞ்சாங்கில் செம்பனையை நட்டார். 1917இல் அருகிலுள்ள தென்னமரம் தோட்டம் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக உருவானது. ஆயினும் நெடுங்காலம் பால்மரமும் ஈயமுமே இவ்வட்டாரத்துக்குச் சோறு போட்டன. 1960களில் ரப்பர் விலை சரிந்து, தோட்டங்கள் செம்பனைக்கு மாறியபோதுதான் ஆலைக் கழிவு பெருஞ்சிக்கலாயிற்று. குலைகளை நீராவியில் அவித்து, பழத்தைப் பிழிந்து, எண்ணெயைத் தெளியவைக்கும் முறையில் ஒரு டன் கச்சா எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை டன் கழிவுநீர் வெளியேறுகிறது. பழுப்பு நிறமும் கடும் சூடும் புளிப்பும் கொண்ட அந்த நீரில் நஞ்சு சேர்க்கப்படுவதில்லை; அதில் மிதப்பது மரத்திலிருந்து வந்த பொருள்தான். கேடு அதன் செறிவில் இருக்கிறது. அதிலுள்ள கரிமப்பொருளை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவையான ஆக்சிஜனின் அளவான பி.ஓ.டி. லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். சாதாரண வீட்டுக் கழிவுநீரில் அது சில நூறைத் தாண்டாது. சுத்திகரிக்காமல் ஆற்றில் விட்டால் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் மடிகின்றன.

1977 விதிமுறைகள்

1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், கச்சா செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கான விதிமுறைகள் 1977இல் வந்தன. இவ்வகைக் கழிவைச் சுத்திகரிக்கும் முறை அப்போது எவரிடமும் ஆயத்தமாக இல்லை. அதனால் அரசு வரம்பைப் படிப்படியாக இறுக்கியது. 1978 ஜூலையில் பி.ஓ.டி. வரம்பு 5,000 மில்லிகிராம், அடுத்த ஆண்டு 2,000, 1980இல் 1,000, 1981இல் 500, 1982இல் 250, 1984இல் 100. ஆற்றில் விடும் ஒவ்வொரு டன் பி.ஓ.டி.க்கும் 10 ரிங்கிட் கட்டணம், வரம்பை மீறிய பகுதிக்கு டன்னுக்கு 100 ரிங்கிட். முதலாண்டில் கூடுதல் கட்டணம் செலுத்தி மீறலாம். பின்னர் வரம்பே கட்டாயமாயிற்று. அடுத்த ஆறாண்டுகளில் என்னென்ன கேட்கப்படும் என்பது முன்கூட்டியே தெரிந்ததால், ஆலை முதலாளி பரிசோதனைக்கும் கட்டுமானத்துக்கும் திட்டமிட்டுப் பணம் ஒதுக்க முடிந்தது. சுத்திகரிப்புக்கென ஒரு சந்தை பிறந்தது இப்படித்தான்.

வளரும் தொழிலை இத்தகைய விதி நசுக்கிவிடும் என்பது அன்றும் இன்றும் எழும் மறுப்பு. மலேசியாவின் கச்சா செம்பனை எண்ணெய் உற்பத்தி 1975இல் சுமார் 12.6 லட்சம் டன். 1985இல் 41 லட்சம் டன்னைத் தாண்டியது. இதை வைத்துச் செலவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. உலகச் சந்தையில் சோயா எண்ணெயோடு போட்டியிடும் பொருளுக்கு ஆலை தன் விருப்பப்படி விலை ஏற்ற முடியாது. ஆகவே செலவின் ஒரு பங்கு பழக்குலையின் கொள்முதல் விலையில், அதாவது பயிரிடுபவர் தலையில் விழும். சுமை இருந்தது, ஆனால் தொழில் அதைத் தாங்கியது என்பதே உற்பத்திக் கணக்கு காட்டும் உண்மை. பெருநிறுவனங்களின் பணபலத்தால்தான் இது சாத்தியமாயிற்று என்போரும் உண்டு. அதில் பாதி சரி. பெரும்பாலான ஆலைகள் நாடியது வெளிநாட்டு இயந்திரத்தை அல்ல, மண்ணைத் தோண்டி அமைத்த குட்டைகளை. அதற்குப் பணத்தைவிட நிலமே முக்கியம். அது தோட்டங்களிடம் தாராளமாக இருந்தது. சொந்த நிலமில்லாத ஆலைக்கு இந்த வழி எளிதன்று.

குட்டைகளும் எரிவாயுவும்

சூடு தணிக்கும் குட்டை, காற்றில்லாக் குட்டை, காற்றோட்டமுள்ள குட்டை என வரிசையாகக் கடந்து கழிவுநீர் தெளிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அடியில் படியும் சேற்றைக் காலத்துக்குக் காலம் வாராவிட்டால் குட்டையின் கொள்ளளவு சுருங்கி, வெளியேறும் நீர் கெடும். அந்தச் சேறு உரமாகிச் செம்பனை வரிசைகளுக்கே திரும்பியதால் வாருவதில் தோட்டத்துக்கு ஆதாயம் இருந்தது. எரிவாயுவின் கதை வேறு. காற்றில்லாக் குட்டையிலிருந்து எழும் மீத்தேனைப் பிடித்து மின்சாரமாக்கும் திட்டம் 1980களிலேயே தென்னமரம் ஆலையில் நடைமுறைக்கு வந்தது. நுட்பம் கைக்கு எட்டியும் அது நாடெங்கும் பரவவில்லை. பழ நாரையும் ஓட்டையும் எரித்தே ஆலைகள் தமக்கான மின்சாரத்தை உண்டாக்கிக்கொண்டன. மிஞ்சிய வாயுவை வாங்க ஆளில்லை. மீத்தேனைக் காற்றில் விடுவதற்கு விலையும் இல்லை. 2014 ஜனவரி முதல் புதிய ஆலைகளும் உற்பத்தித்திறனைக் கூட்ட விரும்பும் ஆலைகளும் வாயுவைப் பிடிக்க வேண்டும் அல்லது உருவாகாமல் தடுக்க வேண்டும் என்ற விதி வந்த பிறகே நிலை மாறத் தொடங்கியது.

வீட்டுக் கழிவுநீர்

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளானபோது, கட்டுவதும் ஓட்டுவதும் இரு வேறு கைகளுக்குப் போயின. 1993ஆம் ஆண்டுக் கழிவுநீர்ச் சேவைச் சட்டத்தை அடுத்து, இண்டா வாட்டர் நிறுவனம் 28 ஆண்டு உரிமம் பெற்றது. புதிய குடியிருப்புக்கான நிலையத்தை வீடமைப்பு நிறுவனம் கட்டிக் கொடுக்கும், இண்டா வாட்டர் பராமரிக்கும் என்பது ஏற்பாடு. வீட்டை விற்றதும் விலகிவிடுபவருக்கு மலிவாகக் கட்டுவதே லாபம்; பழுதின் செலவு பின்னால் வருபவருக்கு. நாடெங்கும் சிறுசிறு நிலையங்கள் பெருகின, கட்டண வசூல் செலவுக்குக் கட்டவில்லை. 2000இல் நிதியமைச்சு அந்நிறுவனத்தை எடுத்துக்கொண்டது. தனியார்மயமே தவறு என்று இதை வைத்து வாதிடுவோர், அரசு கைக்கு வந்த பிறகும் நீடித்த குறையைக் கணக்கில் எடுப்பதில்லை: மாதம் 8 ரிங்கிட்டாக இருந்த வீட்டுக் கட்டணம் 2023இல்தான் 10 ஆயிற்று. செம்பனை ஆலைகளில் பலவும் தனியார் சொத்தே. ஆனால் அங்கே குட்டை கெட்டால் கட்டணமும் உரிமச் சிக்கலும் அதைக் கட்டியவரையே தேடி வரும்.

மதிப்பீடு

2020 செப்டம்பரில் ராவாங் பகுதித் தொழிற்சாலைக் கழிவால் சிலாங்கூர் ஆற்றில் நாற்றம் எழுந்தபோது, ரந்தாவ் பாஞ்சாங் உட்பட நான்கு குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் நீரின்றித் தவித்தன. மேலே கழிவைக் கொட்டியவருக்கு மிச்சமான செலவைக் கீழே உள்ளவர்கள் பன்மடங்காகச் செலுத்தினர். நிலையங்களின் எண்ணிக்கையை வைத்தே முன்னேற்றத்தை அளக்கும் திட்டங்கள் இந்தக் கணக்கைத் தவறவிடுகின்றன. ஒப்பந்தக்காரரின் பொறுப்பு திறப்பு விழாவோடு முடியாமல், வெளியேறும் நீரின் தரத்தை வைத்து ஆண்டுக்கணக்கில் பணம் தருமாறு ஒப்பந்தம் அமைந்தால், 1978இல் செம்பனை ஆலைகளை அசைத்த அதே நெருக்கடி கட்டுமானத் தொழிலுக்கும் வரும். அதற்கு முதலில், உண்மைச் செலவை ஈடுசெய்யும் கட்டணத்தை வசூலிக்கும் துணிவு அரசுக்கு வேண்டும்.