மிளகின் பெயரில் வந்த காய்

கம்பம் பள்ளத்தாக்கின் வீட்டுக் கொல்லைகளில் கத்தரியோடு நிற்கும் மிளகாய்ச் செடிக்கும், போடி மலையில் மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக்கொடிக்கும் எந்த உறவும் இல்லை. செடி கத்தரிக் குடும்பம். கொடி வெற்றிலைக் குடும்பம். செடியின் காரம் கேப்சைசின், கொடியின் காரம் பைப்பரின். செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. கொடி மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. அப்படியிருந்தும் செடிக்குக் கொடியின் பெயரைத்தான் வைத்தார்கள். மிளகும் காயும் சேர்ந்து, அடுத்தடுத்து நின்ற ககர ஓசை தேய்ந்து மிளகாய் ஆயிற்று. இந்தப் பெயரைச் சூட்டியது அடுப்படிதான் என்பது என் கருத்து: மிளகு செய்துவந்த வேலையைச் செய்யும் காய், மிளகாய்.

சங்கப் பாடல்களில் மிளகுக்குக் கறி என்றும் பெயர். யவனர் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. மிளகாய் அங்கே எங்கும் இல்லை. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு, போர்த்துகீசியர் வழியாகவே அது இந்தியாவுக்குள் வந்தது. அக்கம்பக்கத்து மொழிகளும் நம்மைப் போலவே பெயரிட்டன. கன்னடத்தில் மிளகு மெணசு, மிளகாய் மெணசினகாயி. கம்பம்மெட்டு ஏறி இடுக்கிக்குள் போனால், மலையாளத்தில் முளகு என்பதே மிளகாயைக் குறிக்கும். பழைய மிளகைக் குருமுளகு, நல்லமுளகு என்று அடைமொழி சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறகு வந்தது பெயரையே எடுத்துக்கொண்டது.

பெயர் தமிழாக இருப்பதால் காயும் இங்கே தொன்றுதொட்டு இருந்திருக்கும் என்று சிலர் வாதிடுவர். சொல்லின் பழமை பயிரின் பழமை ஆகாது. முன்பே இருந்த இரண்டு சொற்களைக் கூட்டிப் பெயரிட வேண்டி வந்ததே பயிர் புதிது என்பதற்கு அடையாளம். பழைய முறை மாறாத திவசச் சமையலில் இன்றும் காரத்துக்கு மிளகுதான், மிளகாய் சேர்ப்பதில்லை. இஞ்சியும் திப்பிலியும்கூடக் காரம்தானே, அவற்றின் பெயரை ஏன் வைக்கவில்லை என்றும் கேட்கலாம். அன்றாடக் குழம்புக்கு, காயவைத்துச் சேமித்து அரைத்துச் சேர்க்கும் தலையாய காரம் மிளகாக இருந்தது. மிளகாய் வத்தலும் அதே வழியில் அம்மிக்கு வந்தது.

அந்த இடத்தை அது எப்படிப் பிடித்தது என்பதற்குக் கொல்லைதான் விடை. மிளகுக்கொடிக்கு ஏற ஒரு மரமும் நிழலும் மலைமழையும் வேண்டும். நட்டால் காய்ப்புக்கு மூன்று ஆண்டாவது காத்திருக்க வேண்டும். மழை மறைவில் கிடக்கும் பள்ளத்தாக்கின் அடிவாரத்துக்கு அது எளிதல்ல. மிளகாயோ நாற்பது நாள் நாற்றாகப் பிடுங்கி நட்டால், இரண்டரை மாதத்தில் பச்சையாகப் பறிக்கலாம். வேரில் தண்ணீர் தேங்காமல் பார்த்து, காம்போடு அடிக்கடி பறித்தால் மறுபடி பூக்கும். வத்தலுக்கு வேண்டியதைப் பழுக்க விடலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 ரகம் இந்த வட்டாரத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. மலையிலிருந்து விலைக்கு வாங்கிய காரம் ஏழை வீட்டுக் கொல்லையிலும் விளைந்ததுதான் இந்தச் சொல்லின் வரலாறு. மிளகாயை அந்நியம் என்று ஒதுக்கவும் வேண்டாம், ஆதியிலிருந்தே நம்முடையது என்று கதை கட்டவும் வேண்டாம். வந்த பயிரை வாழவைத்தவர்கள், மூத்த பயிரை மறக்காமல் பெயரிட்டிருக்கிறார்கள்.