‘மூலோபாய ரீதியில்’

அலுவலக அறிக்கைகளில் இன்று ‘மூலோபாய ரீதியில்’ என்னும் வினையடை மலிந்துள்ளது. அது குறிக்கும் கருத்தின் வேர் கிரேக்க மொழியிலுள்ளது. படைத்தலைவனைக் கிரேக்கர் ‘ஸ்திரதேகோஸ்’ என்றனர். அவனுக்குத் தக்கவாறு என்பதே அவ்வடையின் பழம்பொருள்.

கி. மு. 483 அளவில் அதென்ஸ் நகரத்தாருக்கு லோரியம் சுரங்கத்திற் பெருவெள்ளி கிடைத்தது. தலைக்குப் பத்துத் திராக்மா வீதம் அதனைப் பங்கிட இருந்தனர். தெமிஸ்தோகிளிஸ் என்பார் அதனைத் தடுத்துக் கப்பல்கள் கட்டுவித்தார். அவர் காட்டிய காரணம் அயல்தீவாகிய ஈஜினாவுடனான போர். தொலைவிலிருந்த பாரசீகரைக் கூறி அவர் அச்சுறுத்தவில்லை என்பார் புளூட்டாக். கைக்கெட்டிய காசைத் துறக்குமாறு ஒரு நகரத்தையே இணங்கச் செய்தமை, போரில் வெல்வதினும் அரிய செயலன்றோ! கி. மு. 480 இல் சலாமிஸ் நீரிணையிற் பாரசீகக் கடற்படையை முறியடித்தவற்றுள் அக்கப்பல்களும் அடங்கும்.

பின்னாளில் அவரை நாடு கடத்தியவரும் அதென்ஸ் மக்களே. அவர் இறந்ததோ, பாரசீக மன்னனின் ஆதரவில்.